கொல்லிமலையில் கியர் விழவில்லை

திருவாரூர்: விடியும் முன்

அதிகாலை நாலரைக்கு வண்டியைக் கிளப்பியபோதே முதல் கியர் முரண்டு பிடித்தது. பழ வியாபாரி கிளட்ச் பெடலை இரண்டு தடவை சும்மா மிதித்துவிட்டு மூன்றாவது மிதியில் கியரைத் தள்ளினார். விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகன் திரும்பிப் பார்த்தான்.

“பழைய வண்டி மாப்ளே. ரெண்டு மிதி கூடக் கேட்கும்.”

பிக்கப்புக்கு 17 வயது. ஆனி மாதம் பிறந்தால் அதை எடுத்துக்கொண்டு கொல்லிமலைக்குப் போய்ப் பலாவும் அன்னாசியும் ஏற்றிவருவது அவர் வழக்கம். ஆறு மாதத்துக்கு முன்பும் இதே தொல்லை வந்தது. கியர் விழவில்லை என்றதும் ஊர்ப் பட்டறையில் கியர் பாக்ஸை இறக்கி, கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் என்று மொத்த செட்டையும் மாற்றினார்கள். இரண்டு லோடு லாபம் அதோடு போனது. சில வாரம் நன்றாக ஓடிய வண்டி மறுபடியும் பழைய பாட்டைப் பாடத் தொடங்கியிருந்தது.

நீடாமங்கலம், தஞ்சாவூர் என்று சாலை தட்டையாக நீண்டது. டெல்டாக்காரர்களுக்கு மேடு என்றால் பாலத்தின் ஏற்றம்தான். கண்ணுக்கு எட்டிய மட்டும் குறுவை நாற்றங்கால், நடுநடுவே தென்னை, தூரத்தில் ஏதாவது ஒரு கோபுரம். டாப் கியரில் போட்டால் அடுத்த ஊர் வரும் வரை கிளட்சைத் தொட வேண்டிய வேலையே இல்லை. அந்தத் தட்டையான சாலையில் வண்டியின் நோய் வெளியே தெரியாமலே கிடந்தது.

முசிறி: தேநீர்க் கடை வாசல்

திருச்சியில் ஆற்றைத் தாண்டி வடகரையைப் பிடித்ததும் வாழைத் தோட்டங்கள் சாலையோரம் வரை வந்து நின்றன. முசிறியை நெருங்கும்போது கோரை வயல்கள். பாய் நெய்வதற்கான கோரை ஆளுயரம் வளர்ந்து காற்றில் சாய்ந்து எழுந்தது. திருவாரூர்க்காரருக்குக் காவிரி என்றால் ஊருக்குள் ஓடும் ஓடம்போக்கிதான். பிரிந்து பிரிந்து, வாய்க்காலாகி, வீட்டுக் கொல்லைக்கு வந்து சேரும் தண்ணீர். இங்கே அது பிரியாத ஒரே ஆறாக, மணல் திட்டும் நீருமாக அகன்று கிடந்தது. மாமனும் மருமகனும் கொஞ்ச நேரம் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

தேநீர் குடித்துவிட்டு வண்டியைப் பின்னால் எடுக்க ரிவர்ஸ் போட்டபோது பல்லோடு பல் உரசும் சத்தம் கடைவாசல் முழுக்கக் கேட்டது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த லாரி ஓட்டுநர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

“அண்ணே, இன்ஜினை அணைச்சிட்டுப் போட்டுப் பாருங்க.”

அணைத்ததும் ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது. முதல் கியர், இரண்டாம் கியர், எல்லாமே விழுந்தன.

“அப்ப கியர் பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு. கிளட்ச் முழுசா பிரியல” என்றார் அவர். இன்ஜின் ஓடாதபோது விழும் கியர், ஓடும்போது விழவில்லை என்றால், பெடலை மிதித்த பிறகும் இன்ஜினின் சுழற்சி கொஞ்சம் கியர் பாக்ஸுக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். ரிவர்ஸில்தான் அது முதலில் தெரியும். பெரும்பாலான வண்டிகளில் முன்னோக்கிய கியர்களுக்கு உள்ள சிங்க்ரோ வளையம் ரிவர்ஸுக்குக் கிடையாது.

கிளட்ச் கோளாறு என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு நேரெதிர் நோய்கள் இருக்கின்றன. ஆக்சிலரேட்டர் கொடுத்தால் இன்ஜின் மட்டும் கத்தி, வண்டி வேகம் பிடிக்காவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. தேய்ந்த பிளேட், பிளேட்டில் படிந்த எண்ணெய் என்று காரணம் பெரும்பாலும் உள்ளே இருக்கும். கியர் விழாமல் கரகரத்தால் கிளட்ச் பிரியவில்லை. ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள வண்டியில் அதற்குக் காரணத்தை முதலில் வெளியேதான் தேட வேண்டும். பெடலிலிருந்து கியர் பாக்ஸ் வரை போகும் அந்தச் சிறு எண்ணெய்ப் பாதையில்.

இந்த ஒரு நிமிடச் சோதனையை ஆறு மாதத்துக்கு முன்பே செய்து, முதலில் வெளியே தேடியிருந்தால் கியர் பாக்ஸை இறக்கியிருக்க வேண்டியதில்லை. பழ வியாபாரி அதைச் சொல்லவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரு பெருமூச்சு விட்டார், அவ்வளவுதான்.

நாமக்கல்: பட்டறைத் தெரு

நாமக்கல்லுக்குள் நுழையும்போதே வெல்டிங் வெளிச்சம் வரவேற்கும். இந்த ஊர் லாரிக்கு உடல் கட்டும் ஊர். வெறும் சேசிஸாக வரும் வண்டிகள் இங்கே கேபினும் தொட்டியும் வண்ணமும் பெற்று வெளியேறுகின்றன. பெயின்ட் வாசனை, இரும்பு அறுக்கும் சத்தம், பலகை இழைப்பு, பின்னணியில் கோட்டையைச் சுமந்து நிற்கும் ஒற்றைப் பாறை. நெல் வாசனையில் வளர்ந்த மருமகனுக்கு ஓர் ஊர் முழுக்க வண்டியையே நினைத்துக்கொண்டிருப்பது புதிதாக இருந்தது.

பட்டறை மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். வண்டியை நிறுத்தியதும் ஸ்பேனரை எடுக்கவில்லை. முதலில் கேள்விகள்தான்.

“பெடல் மெத்துன்னு அமுங்குதுங்களா, இல்ல நல்லா இருந்துட்டு அப்புறமாக் கீழ போகுதுங்களா? ரெண்டு மூணு தடவ மிதிச்சா சரியாகுதுங்களா? ஆயில் ஊத்த வேண்டி வருதுங்களா?”

ஆயில் ஊற்றவே இல்லை என்றதும் தலையை ஆட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினார். ஓட்டுநர் பக்கத்துத் தரைவிரிப்பை விலக்கி, பெடலின் தடி கேபின் சுவருக்குள் நுழையும் இடத்தை விரலால் தடவினார். காய்ந்திருந்தது. “இங்க ஒழுகியிருந்தா பெயின்ட்டத் தின்னு போட்டிருக்குமுங்க.” பிறகு வண்டிக்கு அடியில் போய் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை லேசாக விலக்கிப் பார்த்தார். அங்கேயும் ஈரமில்லை. மருமகனைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு, ரப்பர் ஓஸைக் கைக்குள் பிடித்துக்கொண்டார். பழைய ஓஸ் என்றால் மிதிக்கும்போது கைக்குள் வீங்கும். எண்ணெய் தள்ள வேண்டிய விசை ஓஸை ஊதுவதிலேயே செலவாகிவிடும். இது வீங்கவில்லை. கடைசியாக ஸ்லேவின் குச்சி எவ்வளவு நகர்கிறது என்று அளவுகோல் வைத்து அளந்தார். 14 மில்லிமீட்டர். “இந்த வண்டிக்கு இது போதும்.”

ஹைட்ராலிக் கிளட்சின் ஏற்பாடு எளிமையானது. காலடியில் ஒரு மாஸ்டர் சிலிண்டர், கியர் பாக்ஸ் ஓரத்தில் ஒரு ஸ்லேவ் சிலிண்டர், நடுவே ஒரு குழாய், அதற்குள் பிரேக் ஆயில். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லா இடத்துக்கும் அப்படியே போய்ச் சேரும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்டுசொன்ன விதிதான் இதன் அடிப்படை. மாஸ்டரின் குறுக்களவு 5/8 அங்குலமாகவும், ஸ்லேவ் 3/4 அங்குலமாகவும் இருந்தால் விசை 1.44 மடங்காகப் பெருகும். அதற்கு விலையாக நகரும் தூரம் அதே அளவில் குறையும். ஆகவே மேலே பெடலில் ஒரு சென்டிமீட்டர் வீணானாலும் கீழே கிளட்ச் பிரிவதற்கும் பிரியாததற்கும் உள்ள வித்தியாசம் அதிலேயே போய்விடலாம்.

மாஸ்டருக்கு ஆயில் தரும் டப்பாவின் மூடியைத் திறந்து பார்த்தபோது உள்ளே ஆயில் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. ரப்பர் கரைந்தால் வரும் கறுப்பு அது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய நிலையில் அதே விதி கேட்பது 155 டிகிரிதான். ஈரம் சிலிண்டரின் உட்சுவரில் துருப் புள்ளிகளையும் உண்டாக்கும். கடலோர டெல்டாவின் காற்றில் பல வருடம் ஓடிய வண்டி இது.

மேஸ்திரி ஏர் எடுத்து (குழாயில் தங்கிய காற்றை வெளியேற்றி), புது ஆயில் ஊற்றினார். பெடல் கல்லு மாதிரி நின்றது. எல்லா கியரும் விழுந்தன. ஆனாலும் அவர் முகத்தில் நிறைவில்லை. பேனாவை எடுத்து டப்பாவில் ஆயில் மட்டத்துக்கு நேராக ஒரு கோடு போட்டார்.

“லோடு இல்லாமத்தானே ஏறுறீங்க? ஏறிப் பாருங்க. மறுபடி வந்துச்சுன்னா மொதல்ல இந்தக் கோட்டப் பாருங்க. ஆயில் கொறஞ்சிருந்தா எங்கியோ வெளிய ஒழுகுதுன்னு அர்த்தம். கொறையாமயே பெடல் போச்சுன்னா உள்ளுக்குள்ளயே ஓடுதுங்க.”

காரவள்ளி: 43-ஆம் வளைவு

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி அடிவாரமான காரவள்ளியில் வெயில் நெருப்பாக இருந்தது. அங்கிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். முதல் பத்து வளைவில் முள்காடும் காய்ந்த புல்லும். இருபதுக்கு மேல் மரங்கள் உயர்ந்தன. முப்பதுக்கு மேல் சன்னல் வழியாக வந்த காற்றின் சூடே மாறிவிட்டது. கீழே சமவெளி ஒரு பாய் விரித்த மாதிரி கிடக்க, வயல் வரப்புகள் கோரைக் கோடுகளாகத் தெரிந்தன. ஒவ்வொரு வளைவிலும் இரண்டாம் கியரிலிருந்து முதல் கியர், பிறகு மறுபடி இரண்டு. எதிரே பேருந்து வந்தால் பெடலை மிதித்தபடி காத்திருப்பு. திருவாரூரிலிருந்து நாமக்கல் வரை மிதித்ததைவிட அதிகமாக இந்த ஒரு மணி நேரத்தில் கிளட்சை மிதிக்க வேண்டியிருந்தது.

43-ஆம் வளைவில் இறங்கிவந்த பேருந்துக்கு வழிவிட நின்றார்கள். பெடல் மிதித்தபடியே இருக்க, வண்டி தானாக முன்னோக்கி ஊர்ந்தது. காலடியில் பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கியது. இன்ஜின் ஒரு குலுக்கலோடு நின்றது.

மருமகன் குதித்து இறங்கிச் சக்கரங்களுக்குப் பின்னால் கல் வைத்தான். பானட்டைத் திறந்தார்கள். ஆயில் மட்டம் பேனாக் கோட்டிலேயே நின்றது.

மேலிருந்து வாழைத்தார் ஏற்றி இறங்கிக்கொண்டிருந்த ஒரு பிக்கப் ஓரம் கட்டியது. அதை ஓட்டிவந்தவர் மலைவாசி, முப்பது வயதுக்காரர். தினமும் இந்த 70 வளைவுகளில் ஏறி இறங்குபவர். விஷயத்தைக் கேட்டதும் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, கற்களை ஒருமுறை காலால் உதைத்துப் பார்த்து, அணைத்த இன்ஜினுக்கு அடியில் போனார்.

“அண்ணா, வேகமா மிதிக்காதீங்க. மெதுவா மிதிச்சு அப்படியே வச்சிருங்க.”

கொஞ்ச நேரத்தில் அவர் குரல் வந்தது. “தம்பி, நீங்களும் வந்து பாருங்க.”

மருமகன் சாலையில் மல்லாக்கப் படுத்தான். கைப்பேசி வெளிச்சத்தில் ஸ்லேவ் சிலிண்டரின் குச்சி தெரிந்தது. மாமா பெடலை மிதித்தார். குச்சி ரப்பர் உறையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது, கிளட்ச் ஃபோர்க்கை அழுத்தியது. பெடல் அப்படியே இருந்தது. ஆனால் ஒரு நொடி, இரண்டு நொடி கழித்துக் குச்சி நத்தை கொம்பை இழுத்துக்கொள்வதுபோல் மெல்ல உள்ளே போகத் தொடங்கியது. மேலே கால் பெடலைவிட்டு எழவே இல்லை. கீழே கிளட்ச் மீண்டும் பிடித்துக்கொண்டது.

“இப்ப வேகமா மிதிங்கண்ணா.” இந்த முறை குச்சி சடக்கென்று வந்து நின்றது. முன்னைவிட நிதானமாகத் திரும்பியது.

வெளியே ஒரு சொட்டு ஒழுகவில்லை. அழுத்தம் மட்டும் எங்கேயோ போகிறது. போகக்கூடிய இடம் ஒன்றே ஒன்று: மாஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் கப்பின் தேய்ந்த விளிம்பைத் தாண்டி, வந்த வழியே டப்பாவுக்கு. வேகமாக மிதித்தால் கப்பின் விளிம்பு விரிந்து சுவரைப் பிடித்துக்கொள்ளும். மெதுவாக மிதித்தால், அல்லது மிதித்தபடி காத்திருந்தால், எண்ணெய் நழுவிவிடும். சூடேறி எண்ணெய் இளகினால் இன்னும் சுலபமாக நழுவும். பட்டறையில் ஆறிப்போய் நின்ற வண்டி, சட்டென்று மிதித்த பெடல், 14 மில்லிமீட்டர் என்ற நல்ல அளவு எல்லாவற்றுக்கும் அங்கே கணக்குச் சரியானது. ஆறு மாதத்துக்கு முன் புது செட் போட்டபோது சில வாரம் நன்றாக ஓடியதும் இதனால்தான். அன்று போட்ட புது ஆயிலும் எடுத்த ஏரும் கொடுத்த நிவாரணம் அது.

குச்சி முழுத் தூரம் வந்து அசையாமல் நின்றும் கியர் விழாமல் இருந்திருந்தால் கதை வேறு. ஃபோர்க் வளைந்திருக்கலாம், பிரஷர் பிளேட்டின் விரல்கள் உடைந்திருக்கலாம், பிளேட் ஷாஃப்டில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அப்போதுதான் கியர் பாக்ஸை இறக்குவதில் நியாயம் உண்டு. அந்தக் குச்சிதான் உள்நோயையும் வெளிநோயையும் பிரித்துச் சொல்லும் எல்லைக்கோடு.

“நிக்கிறப்ப நியூட்ரல்ல போட்டுட்டுக் காலை எடுத்துடுங்க. கியர் மாத்தறப்ப சடார்னு ஒரே மிதி” என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, மாலை செம்மேட்டில் வந்து பார்ப்பதாகச் சொன்னார் மலைக்காரர். மீதி 27 வளைவுகளையும் பழ வியாபாரி அப்படியே ஏறி முடித்தார்.

சோளக்காடு, செம்மேடு: மலைமேல் ஓர் இரவு

சோளக்காட்டுச் சந்தைக்குக் கண்ணுக்கு முன்னால் மூக்கு போய்ச் சேரும். குவித்து வைத்த பலா, அன்னாசி, மலைவாழை. சாக்குப் பையில் மிளகு. பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டுவந்து இறக்கிய பழத்தை விரலால் சுண்டிப் பார்த்துப் பேரம் நடந்தது. ஓரமாக ஒரு பாட்டி முடவாட்டுக்கால் கிழங்கைக் கூறு கட்டி வைத்திருந்தார். ஆட்டுக்கால் மாதிரியே ரோமம் படர்ந்த கிழங்கு. பக்கத்துக் கடையில் அதைத் தட்டிப் போட்டு, மிளகும் சீரகமும் பூண்டும் சேர்த்துக் கொதிக்கவைத்த சூப் கிடைத்தது. முதல் வாயிலேயே தொண்டை வரை மிளகின் சூடு இறங்கியது. சாலையில் படுத்த முதுகுவலிக்கு நல்லது என்று கடைக்காரம்மா இன்னொரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார்.

இந்த மலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் காலங்காலமாக விளைந்தவை. இரவு செம்மேட்டில் சாமைச் சோறும் கீரைக் குழம்பும் சாப்பிடும்போது, மூன்று வேளையும் அரிசிச் சோறு தின்னும் ஊரிலிருந்து வந்தவர் இரண்டாவது முறை கேட்டு வாங்கிக்கொண்டார். வெளியே வல்வில் ஓரியின் சிலைமேல் மூடுபனி இறங்கியிருந்தது. திருவாரூரில் இந்த நேரத்துக்கு விசிறியைக் கையிலிருந்து கீழே வைக்க முடியாது. இங்கே போர்வை கேட்க வேண்டியிருந்தது.

நாமக்கல் மேஸ்திரிக்குப் போன் போட்டார்கள்.

“கோடு அப்புடியே இருக்குதுங்களா?”

“இருக்குங்க.”

“குச்சி திரும்பிப் போகுதுங்களா?”

“போகுது. தம்பியே படுத்துப் பார்த்தான்.”

“அப்ப மாஸ்டர்தானுங்க. காலைல மொதப் பஸ்ல கண்டக்டர்கிட்ட குடுத்து உடறேன்.”

செம்மேடு: காலை

செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தைக் கண்டக்டர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தார். மலைக்கார ஓட்டுநர் சொன்னபடி வந்துவிட்டார். பழைய மாஸ்டரைக் கழற்றி, உள்ளிருந்த பிஸ்டனைத் தட்டி எடுத்ததும் மூவரும் குனிந்தார்கள். விரல்நுனியில் அடங்கும் கறுப்பு ரப்பர் கப். அதன் விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பக்கம் மழுங்கி, நகத்தால் கிள்ளியது போன்ற ஒரு வடு. சிலிண்டரின் உட்சுவரை வெளிச்சத்தில் பிடித்தபோது துருப் புள்ளிகள் ஊசிமுனைகளாகத் தெரிந்தன. கப் மட்டும் மாற்றினால் போதாதா என்று மருமகன் கேட்டான்.

“சுவர் வழவழன்னு இருந்தா மாத்தலாம் தம்பி. இந்தப் புள்ளி புதுக் கப்பையும் அறுத்துடும்.”

புதிய மாஸ்டரைப் பொருத்தியபோது பெடல் தடிக்கும் பிஸ்டனுக்கும் இடையே மயிரிழை இடைவெளி விட்டுத் திருகினார். அந்த இடைவெளி இல்லாமல் இறுக்கினால் டப்பாவுக்குத் திரும்பும் துளை மூடியே கிடக்கும், அழுத்தம் விலகாது, கிளட்ச் வழுக்கி நல்ல பிளேட்டும் கருகிவிடும். ஏர் எடுக்க அவர் செய்த வழி மருமகனுக்குப் பிடித்துப்போனது. ஊசி போடும் பெரிய சிரிஞ்சில் புது ஆயிலை நிரப்பி, ஒரு சிறு குழாயால் கீழே ஸ்லேவின் நிப்பிளில் மாட்டி, மெதுவாக மேல்நோக்கித் தள்ளினார். மேலே டப்பாவுக்குள் குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து உடைந்தன. மேலே ஏறுவது காற்றின் இயல்பு. அது போக விரும்பும் பக்கமாகவே அதை அனுப்பினார்.

கூலி கேட்கவில்லை. வற்புறுத்திக் கொடுத்ததில் பாதியைத் திருப்பிக் கையில் வைத்துவிட்டு, அடுத்த ஆனியில் வரும்போது டெல்டாப் பக்கத்துப் பாய் ஒன்று வாங்கிவரச் சொன்னார்.

இறக்கம்

பலா ஏற்றிய வண்டி 70 வளைவுகளையும் இறங்கியது. இறக்கத்தில் கிளட்சின் வேலை வேறு விதம். பிரேக்கையே நம்பாமல் சின்ன கியரில் இன்ஜின் வண்டியைப் பிடித்துவர வேண்டும். வளைவுக்கு முன் கியர் விழாமல் போனால் நியூட்ரலில் சிக்கிய லோடு வண்டி சரிவில் ஓடத் தொடங்கிவிடும். 43-ஆம் வளைவில் பழ வியாபாரி வேண்டுமென்றே நிறுத்தி, பெடலை மிதித்தபடி முப்பது எண்ணினார். பெடல் அசையவில்லை. வண்டியும் ஊரவில்லை.

நாமக்கல்லில் மேஸ்திரி பழைய கப்பை வாங்கி, கட்டைவிரலால் அந்த வடுவைத் தடவிப் பார்த்துவிட்டு மருமகன் கையிலேயே கொடுத்தார். முசிறியில் தேநீர். அதே கடை வாசலில் ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது.

திருவாரூர் வந்து சேரும்போது இரவு பதினொன்று. பழம் இறக்க வந்தவர்களில் அடுத்த தெருச் சரக்கு வண்டிக்காரரும் இருந்தார். அவர் வண்டியிலும் ஒரு வாரமாக ரிவர்ஸ் கரகரக்கிறதாம். நாளைக்கு கியர் பாக்ஸை இறக்கி பிளேட் மாற்ற ஆள் பேசிவிட்டாராம்.

மருமகன் சட்டைப் பையிலிருந்து ரப்பர் கப்பை எடுத்து மாமாவிடம் கொடுத்தான். டார்ச்சை எடுத்துக்கொண்டு நடந்தவன் பாதித் தெருவில் திரும்பிக் குரல் கொடுத்தான்.

“மாமா, நீங்க வந்து பெடலை மிதிங்க. மெதுவா மிதிக்கணும்.”